காவுடியைப் பார்த்தவர் யார்?

வா, கண்ணு. உட்கார். இன்றைக்கு உன்னை ஒரு குன்றுக்குக் கூட்டிப் போகப் போகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அன்னவாசலுக்குப் பக்கம். ஊரின் பெயர் சித்தன்னவாசல். நீ ஏற்கெனவே பள்ளிச் சுற்றுலாவில் போயிருந்தாலும் பரவாயில்லை. இந்த முறை நாம் பார்க்கப் போவது வேறு.

போன மாசியில் என் அக்கா மகளோடு அங்கே போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். எதைப் பார்த்தாலும் கேள்விதான். அவள் கேட்ட கேள்வியில்தான் இந்தக் கட்டுரையே பிறந்தது. கேள்வி கேட்கும் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீயும் அப்படித்தான் என்று தெரியும். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டாய்.

குன்றின் மேலே ஏறிப் போனால் ஓர் இயற்கைக் குகை வரும். ஏழடிப்பட்டம் என்று பெயர். பாறையில் கால் வைக்க ஏழு படிகளை வெட்டியிருக்கிறார்கள், அதனால் அந்தப் பெயர். குகைக்குள் பாறையிலேயே செதுக்கிய படுக்கைகள், மொத்தம் 17. கையால் தடவினால் வழுவழு என்று இருக்கும். தலை வைக்கும் இடத்தில் தலையணைபோல் சின்ன மேடு. அந்தக் காலத்தில் சமண முனிவர்கள் படுத்த இடம்.

ஒரு படுக்கையில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வயது சுமார் இரண்டாயிரம் ஆண்டு. எருமிநாட்டில் குமுழூர் என்ற ஊரில் பிறந்த காவுடி என்பவருக்காகச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை இது, என்று அது சொல்கிறது.

என் அக்கா மகள் அந்தக் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “மாமா, காவுடியை யாராவது பாத்திருக்காங்களா?”

யார் பார்த்தது? படம் இல்லை. சிலை இல்லை. ஆனாலும் அவர் எந்த நாடு, எந்த ஊர், அவருக்கு இருக்கை செய்து தந்தது யார் என்பது நமக்குத் தெரியும். எப்படித் தெரியும்?

எழுத்து இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இதை நன்றாக மனத்தில் முடிந்து வைத்துக்கொள். ஆளைப் பார்க்காமலே எழுத்தைப் படித்து ஆளைத் தெரிந்துகொள்ளலாம். நாம் இன்றைக்குப் பேசப்போவது முழுக்க அதைப்பற்றித்தான்.

சரி, மெதுவாகக் கீழே இறங்கு. இதே குன்றிலுள்ள அறிவர் கோயிலுக்குள் போவோம். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்.

தெரிகிறதா? ஒரு தாமரைக் குளம்! கூரையில் தலைகீழாக ஒரு குளம்! ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியது. தாமரை மலர்கள், மொட்டுகள், இலைகள். ஊடே மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள். பூப்பறிக்கும் மனிதர்கள் மூவர். ஆங்காங்கே உதிர்ந்துபோய்விட்டது. இருந்தாலும் அந்தச் சிவப்பும் பச்சையும் இன்னும் மனசை இழுக்கின்றன.

அந்த ஓவியர் நல்ல கண்ணுள்ளவர். குளத்தில் என்னென்ன இருக்குமோ அத்தனையையும் வரைந்துவிட்டார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அது அவர் தவறில்லை, கண்ணுக்குத் தெரியாததை எப்படி வரைவது?

எந்தக் குளத்திலும் மிக அதிகமாக இருப்பவை மீன்களோ தாமரைகளோ இல்லை. நுண்ணுயிர்கள்தான். இதே குன்றில் நாவச்சுனை என்று ஒரு சுனை இருக்கிறது. அதில் ஒரு சொட்டு எடுத்தாலும் அதற்குள் ஓர் ஊரே இருக்கும். நம் ஊர்ப் பாறைக் குன்றுகளில் மழைநீர் வழிந்த தடம் கறுப்பு மை வழிந்ததுபோல் தெரியுமே, கவனித்திருக்கிறாயா? பெரும்பாலும் அதுவும் நுண்ணுயிர்கள் கட்டிய குடியிருப்புதான். உன் கால் பதியும் மண்ணில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் நூறு கோடி அளவில் பாக்டீரியாக்கள் இருக்கும்.

இத்தனை பேர் யார் யார்? பெயர் என்ன? என்ன வேலை செய்கிறார்கள்?

இங்கேதான் அறிவியலாளர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகத் திண்டாடினார்கள்.

பாக்டீரியாவை முதலில் பார்த்தவர் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லேவன்ஹூக். 1676ஆம் ஆண்டு, தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியாகப் பார்த்தார். ஆனால் பார்த்தால் மட்டும் போதாது. எல்லாம் புள்ளியும் கோடும்போல ஒரே மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழாக் கூட்டத்தில் எல்லாத் தலையும் கறுப்புத்தானே, அந்த மாதிரி.

ஆகவே அவற்றைத் தனித்தனியாக வளர்த்துப் பார்க்க நினைத்தார்கள். ஜெர்மனியில் ராபர்ட் காக் என்பவரின் ஆய்வகத்தில் அதற்கு வழி தேடினார்கள். நுண்ணுயிருக்கான உணவைக் கெட்டியாக்கி, அதன் மேல் அவற்றை வளர விட வேண்டும். ஜெலட்டின் போட்டார்கள். வெயில் வந்தால் உருகிவிட்டது. அங்கே வேலை செய்த ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸி, 1881இல் ஒரு யோசனை சொன்னார். தன் சமையலறையில் பழக்கூழைக் கெட்டியாக்க அவர் பயன்படுத்திய பொருள் அது. அகர்!

அகர் உனக்குத் தெரிந்ததுதான். கடையில் கடல்பாசி என்று கேட்டு வாங்குகிறோமே, பாலில் போட்டுக் காய்ச்சி ஆறவைத்தால் துண்டு துண்டாக வெட்டலாமே, அதே பொருள். நம் மன்னார் வளைகுடாக் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். ஒரு வீட்டுச் சமையலறை உலகத்தின் எல்லா ஆய்வகத்துக்கும் கொடுத்த கொடை அது. இன்றுவரை அகர் தட்டுத்தான் எங்கும்.

இப்படிக் கெட்டியான உணவின் மேல் வளர்த்துத்தான் காசநோய், காலரா போன்ற பல நோய்களின் கிருமிகளைக் கண்டுபிடித்தார்கள். ரொம்பப் பெரிய வேலை. ஆனால் ஓர் ஓட்டை இருந்தது.

உன் வீட்டுத் திண்ணையில் ஒரு மாம்பழத்தை நறுக்கி வை. கொஞ்ச நேரத்தில் ஈ வரும். எறும்பு வரும். அணில் வந்தாலும் வரும். வந்தவற்றை எல்லாம் எண்ணி, “எங்கள் ஊரில் உள்ள உயிர்கள் மூன்று: ஈ, எறும்பு, அணில்” என்று நோட்டில் எழுதினால் சரியாக இருக்குமா?

சிரிக்கிறாய். ஆந்தை எங்கே? மீன்கொத்தி எங்கே? மாம்பழத்துக்கு ஆந்தை வருமா?

அகர் தட்டும் அந்த மாம்பழம்தான். அந்த உணவு, அந்தச் சூடு, அந்தக் காற்று எவற்றுக்குப் பிடிக்குமோ அவை மட்டும் வந்து வளரும். நுண்ணோக்கியில் எண்ணினால் ஆயிரம் தெரியும். அதே மண்ணைத் தட்டில் போட்டால் பெரும்பாலும் பத்துகூட முளைக்காது. 1985இல் ஸ்டாலி, கொனோப்கா என்ற இரண்டு அறிவியலாளர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள்: பெரிய தட்டு எண்ணிக்கை முரண்பாடு.

மற்றவை ஏன் வளரவில்லை? செத்துவிட்டனவா?

இல்லை கண்ணு. சிலவற்றுக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆகாது. சில மெதுவாக வளர்பவை. வேகமாக வளர்பவை தட்டு முழுக்கப் பரவிவிடும். சில பட்டினியிலேயே பழகியவை, நாம் வைக்கும் வளமான உணவு அவற்றுக்குத் திகட்டும். இன்னும் சிலவற்றுக்கு நண்பன் வேண்டும். ஒன்று கழிப்பதை இன்னொன்று தின்னும். இரண்டையும் பிரித்தால் இரண்டும் வாடிவிடும்.

அப்படியென்றால் இவற்றை எப்படித்தான் அறிவது?

காவுடியை நினைத்துக்கொள். ஆளைக் கூப்பிட முடியாவிட்டால் எழுத்தைப் படி!

ஒவ்வோர் உயிரின் செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட நூல் இருக்கிறது. பட்டம் விடும்போது கண்டில் எத்தனை நூலைச் சுற்றி வைப்பாய்? அதைப்போலத்தான். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ.யைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அதன் உடம்பைவிட ஏழுநூறு, எண்ணூறு மடங்கு நீளம்!

அந்த நூல் முழுக்க எழுத்து. நம் தமிழுக்கு எழுத்து 247. உயிர்களின் நூலுக்கு எழுத்து நான்கே நான்கு: ஏ, டி, ஜி, சி. இந்த நாலு எழுத்தை மாற்றி மாற்றி எழுதித்தான் எல்லாக் கட்டளையும். இதை இப்படிச் செரி, இந்தப் புரதத்தை இப்படிச் செய், சூடு வந்தால் இப்படித் தாங்கு. ஈ.கோலையின் எழுத்து மொத்தம் சுமார் 46 லட்சம். இந்தப் பத்திரிகை அளவில் அச்சடித்தால் ஏறக்குறைய மூவாயிரம் பக்கம். ஓர் உயிரின் இந்த முழு எழுத்துக்கும் பெயர் ஜீனோம். தமிழில் மரபணுத்தொகை என்கிறோம்.

இதுவரை புரிந்ததா? உயிர், அதற்குள் நூல், நூலில் எழுத்து. இந்த மூன்றும் பிடிபட்டால் போதும். மேலே போவோம்.

எழுத்தைப் படித்து உறவு கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவின் கார்ல் வோஸ். எல்லாச் செல்லிலும் புரதம் செய்யும் ஒரு பட்டறை உண்டு, ரைபோசோம் என்று பெயர். அதன் ஒரு பகுதியின் எழுத்தை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். உன் பாட்டி பாடும் தாலாட்டையும் பக்கத்து ஊர்ப் பாட்டி பாடும் தாலாட்டையும் ஒப்பிட்டுப் பார். மெட்டு ஒன்று, ஒன்றிரண்டு சொல் மட்டும் மாறியிருக்கும். தூரத்து ஊர் என்றால் இன்னும் நிறைய மாறியிருக்கும். மாற்றம் கூடக் கூட உறவு தூரம். அதேதான் கணக்கு.

மீத்தேன் வாயுவைச் செய்யும் சில நுண்ணுயிர்களை எல்லாரும் பாக்டீரியா என்றுதான் நினைத்திருந்தார்கள். வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் எழுத்தைப் படித்துப் பார்த்தபோது தாலாட்டு அடியோடு வேறாக இருந்தது! 1977இல் அவர்கள் அறிவித்தார்கள்: இவை பாக்டீரியா இல்லை, தனிக் குலம். அந்தக் குலத்துக்குத்தான் இன்று ஆர்க்கியா என்று பெயர்.

எங்கோ அயல்நாட்டுச் சங்கதி என்று நினைக்காதே. மாட்டின் இரைப்பையில் ஆர்க்கியா இருக்கிறது. சாண எரிவாயுக் கலனில் அடுப்புக்கு வாயு செய்து தருவதும் அதுதான். மகாராஷ்டிரத்தில் லோனார் என்று ஓர் உப்பு ஏரி. 2020 ஜூனில் திடீரென்று அதன் தண்ணீர் ரோஜா நிறமாகிவிட்டது. புணேயிலுள்ள அகர்கர் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து, காரணம் உப்பை விரும்பும் ஆர்க்கியா என்று சொன்னது.

கார்ல் வோஸுக்குப் பிறகு நார்மன் பேஸ் என்பவர் 1980களில் அடுத்த அடியை வைத்தார். வளர்க்கவே வேண்டாம். வெந்நீர் ஊற்றிலிருந்தோ சேற்றிலிருந்தோ எழுத்தை நேராக எடுத்துப் படித்துவிடுவோம் என்றார். பார், எத்தனை எளிய யோசனை! கல்வெட்டைப் படிக்கக் காவுடியைத் தேடிப் போக வேண்டியதில்லையே.

ஆனால் பேஸ் படித்தது ரைபோசோம் எழுத்தை மட்டும். அதில் பெயரும் உறவும் தெரியும். என்ன சாப்பிடும், எப்படி வாழும் என்பது தெரியாது. அதற்கு மூவாயிரம் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம். செல்களை உடைத்து டி.என்.ஏ.யை எடுத்தால் நூல் அறுந்து துண்டு துண்டாகிவிடும். அதுவும் ஒருத்தருடையது இல்லை, நூற்றுக்கணக்கான உயிர்களின் துண்டுகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

உன் வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் நோட்டுகளைக் கிழித்து ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள். எப்படித் திரும்பச் சேர்ப்பாய்? கொஞ்சம் நிறுத்தி யோசி. நான் காத்திருக்கிறேன்.

யோசித்தாயா? ஒரு துண்டின் கடைசி வரி இன்னொரு துண்டின் முதல் வரியாகவும் இருந்தால், இரண்டையும் ஒட்டலாம். நல்லது. கணினி இப்படித்தான் கோடிக்கணக்கான துண்டுகளை ஒட்டுகிறது.

அதற்கப்புறம்? எந்தப் பக்கம் யாருடையது?

கையெழுத்தைப் பார்க்கலாம். ஒவ்வோர் உயிருக்கும் நான்கு எழுத்தைச் சேர்த்து எழுதுவதில் ஒரு பழக்கம் உண்டு. ஒன்று ஜி, சி எழுத்துகளை நிறையப் போடும். இன்னொன்று குறைவாகப் போடும்.

இன்னொரு தடயமும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓர் உயிர் அந்த இடத்தில் நூறு இருந்தால், அதன் ஒவ்வொரு பக்கமும் சாக்கில் நூறு முறை இருக்கும். ஐந்துதான் இருந்தால் ஐந்து முறை. ஆகவே ஒரே எண்ணிக்கையில் வரும் பக்கங்களைக் கூட்டிக் குவித்தால் அது அநேகமாக ஒரே உயிரின் நோட்டு! எண்ணிக்கையை வைத்தே ஆளைப் பிரிக்கும் இந்த வித்தையை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

2004ஆம் ஆண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் வடக்கே இரும்புமலை என்ற பெயரில் ஒரு பழைய சுரங்கம். உள்ளே ஓடும் தண்ணீர் எலுமிச்சைச் சாற்றைவிடப் பல மடங்கு புளிப்பு. அந்த அமிலத்தின் மேல் ரோஜா நிற ஆடை மிதந்தது, பாலில் ஏடு படிவதுபோல. அத்தனையும் நுண்ணுயிர்கள். ஜில் பான்ஃபீல்ட் என்ற அம்மையாரின் குழு அந்த ஏட்டை அள்ளி வந்து, எழுத்துத் துண்டுகளைப் படித்து, ஒட்டி, பிரித்தது. ஏறக்குறைய முழுமையாக இரண்டு ஜீனோம்கள் கிடைத்தன. ஒன்று பாக்டீரியா, மற்றது ஆர்க்கியா. தட்டில் தனியே வளர்க்காமல், கலவையிலிருந்தே!

கதை அதோடு முடியவில்லை. இனிமேல்தான் சுவை.

எல்லா உயிருக்கும் நைட்ரஜன் வேண்டும். அந்த இருட்டுச் சுரங்கத்தில் யார் தருவது? புதுக்கோட்டைப் பக்கத்து நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி வேரைப் பார். குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தரும் பாக்டீரியாக்கள் அதற்குள் குடியிருக்கின்றன. சுரங்கத்திலும் அந்த வேலையை யாரோ செய்யவேண்டுமே?

எழுத்தில் தேடினார்கள். அங்கே நிறைய இருந்த உயிர்களின் நோட்டில் அந்த வேலைக்கான எழுத்து இல்லை. எண்ணிக்கையில் குறைவான ஒரு பாக்டீரியாவின் நோட்டில் மட்டும் இருந்தது! ஊருக்கே சோறு போடுகிறவர் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார்.

சரி, அதை எப்படித் தனியே வளர்ப்பது? அதற்கும் விடை எழுத்திலேயே இருந்தது. காற்றைத் தவிர வேறெந்த நைட்ரஜனும் இல்லாத உணவைக் கொடுத்தார்கள். மற்றவை பட்டினி. காற்றிலிருந்து எடுக்கத் தெரிந்த அது மட்டும் வளர்ந்தது. 2005இல் அதற்குப் பெயரும் வைத்தாயிற்று: லெப்டோஸ்பிரில்லம் ஃபெரோடையசோட்ரோஃபம். பெயர் நீளம்தான். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்.

என்ன நடந்தது பார்த்தாயா? முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாம்பழத்தை வைத்தோம். இப்போது நோட்டைப் படித்து, “உனக்கு இதுதானே பிடிக்கும்?” என்று கேட்டு இலை போடுகிறோம்.

இன்னும் வளர்க்க முடியாத உயிருக்குப் பெயரின் முன்னே ‘கேண்டிடேட்டஸ்’ என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். தேர்தல் வேட்பாளர் மாதிரி. இன்னும் முழு இடம் கிடைக்கவில்லை, வரிசையில் நிற்கிறார் என்று அர்த்தம். அந்த வரிசை இன்றைக்கு வெகுநீளம்.

வரிசையில் நின்ற ஒருவரின் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

2015இல் நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே, மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் எடுத்த கடல் சேற்றிலிருந்து ஓர் ஆர்க்கியாவின் எழுத்தைப் படித்தார்கள். லோகி என்று பெயரிட்டார்கள். அந்த எழுத்தில் ஓர் அதிசயம். செடி, காளான், மாடு, நீ, நான் ஆகியோரின் செல்களில்தான் இருக்கும் என்று நினைத்திருந்த சில புரதங்களின் எழுத்து அதில் இருந்தது! நம் செல்லின் மிகப் பழைய முன்னோருக்கு இது நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. ஆனால் அதை யாரும் பார்த்ததில்லை. எழுத்துதான் கையில்.

அதேநேரம் ஜப்பானில் ஒரு குழு, இமாச்சி என்ற அறிவியலாளரின் தலைமையில், வேறொரு வேலையில் இருந்தது. அவர்கள் 2006லேயே ஷின்காய் 6500 என்ற நீர்மூழ்கியில் இறங்கி, 2,533 மீட்டர் ஆழத்துக் கடல்சேற்றை எடுத்து வந்திருந்தார்கள். அதைக் கடலடியில் இருப்பதுபோலவே வளர்க்க ஒரு கலன் செய்தார்கள். நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு வாழக் கலனுக்குள் பஞ்சு தொங்கவிட்டார்கள். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் மாதிரிதான். பிறகு காத்திருந்தார்கள்.

ஈ.கோலைக்கு நல்ல உணவு கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். உன் பள்ளியில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் 40 நிமிடம் என்றால், ஒன்று நான்காகிவிடும். இந்தச் சேற்று ஆர்க்கியா ஒன்று இரண்டாக எத்தனை நேரம் ஆகும் தெரியுமா?

14 முதல் 25 நாள்!

ஒரு வருடம், இரண்டு வருடம், ஐந்து வருடம்... மொத்தம் 12 வருடம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடும். 2020இல் உலகத்துக்குச் சொன்னார்கள்: வளர்த்துவிட்டோம்! லோகியின் உறவுக்காரர் அது. உருண்டையான சின்ன உடம்பு, அதிலிருந்து நீண்டு கிளைக்கும் கைகள். தனியாக வாழாது. மீத்தேன் செய்யும் இன்னோர் ஆர்க்கியாவோடு சேர்ந்தே வாழும். நண்பன் வேண்டும் என்றேனே, நினைவிருக்கிறதா?

அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காவுடி குகைக்குள்ளிருந்து நடந்து வெளியே வந்து நின்றதுபோல இருந்தது.

சரி கண்ணு, நாம் இன்னும் அறிவர் கோயிலில்தான் இருக்கிறோம். கூரைக் குளத்துக்குத் திரும்புவோம். இந்த ஓவியத்துக்கும் நுண்ணுயிர் எழுத்துக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு.

பிரான்ஸ் நாட்டில் லாஸ்கோ என்ற குகை. 1940இல் உன்னைவிடக் கொஞ்சம் பெரிய நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே காளைகளும் குதிரைகளுமாக, பல்லாயிரம் வருடத்துக்கு முந்தைய ஓவியங்கள்! 1948இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மூச்சுக்காற்றும் வியர்வையின் ஈரமும் விளக்கு வெளிச்சமும் உள்ளே சேர்ந்தன. சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963இல் குகையை மூடிவிட்டார்கள்.

2001இல் வெள்ளைப் பூஞ்சை பிடித்தது. மருந்தடித்தார்கள். பிறகு அங்குள்ள நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.யைப் படித்தபோது, சில வகை பாக்டீரியாக்களே மிகுந்திருந்தன. ஆண்டுக்கணக்கில் அடித்த மருந்தைத் தாங்கக்கூடியவை மட்டும் தங்கிப் பெருகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். யார் குடியிருக்கிறார்கள் என்று படிக்காமல் மருந்தடித்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம். முதலில் படிக்க வேண்டும், பிறகு கைவைக்க வேண்டும்.

ஸ்பெயினில் அல்தமிரா என்ற ஓவியக் குகையில் அப்படிப் படித்தார்கள். 2002இல் வந்த ஆய்வில், அந்த ஓவியங்களின் மேல் வாழும் பாக்டீரியாக்களில் பலவற்றின் எழுத்து, அதுவரை வளர்த்துப் பார்த்த எதோடும் ஒத்துப்போகவில்லை. 2006இல் வந்த இன்னோர் ஆய்வு அங்கே ஆர்க்கியாவும் சுறுசுறுப்பாக வாழ்வதைக் காட்டியது. எவை வண்ணத்தை அரிக்கும், எவை சும்மா ஓர் ஓரமாய் இருக்கும் என்று பிரித்துச் சொல்ல இந்தப் படிப்புத்தான் முதல் படி.

நம் தாமரைக் குளமும் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் இருக்கிறது. 1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் இந்தப் பூச்சையும் வண்ணத்தையும் நுணுக்கமாக ஆராய்ந்தார். ஆயிரத்து நூறு வருடத்துக்கும் மேலாக நிற்கும் பூச்சு அது. ஈரமும் வெப்பமும் மூச்சுக்காற்றும் அதற்கு ஆகாது. நம் விரல் எண்ணெயும் ஆகாது. ஒரு விரல் பட்டால் போதும், நம் தோலிலிருக்கும் நுண்ணுயிர்களும் அவற்றுக்கு உணவும் சேர்ந்தே அங்கே போய் உட்காரும்.

வருங்காலத்தில் நீ பெரியவளாகி, பெரியவனாகி, தொல்லியல் துறையின் அனுமதியோடு பஞ்சுக் குச்சியால் இந்தக் கூரையின் ஓரத்தை மெல்ல ஒற்றியெடுத்து, அந்த நான்கு எழுத்தைப் படிக்கலாம். ஓவியர் வரையாமல் விட்ட உயிர்களின் பட்டியலை நீ எழுதி முடிக்கலாம். உயிரியலும் கணினியும் இரண்டும் வேண்டும். தமிழி எழுத்தும் படித்து வைத்துக்கொள், வீண்போகாது.

அதுவரைக்கும் ஒரு வேலை தருகிறேன். அடுத்த விடுமுறையில் சித்தன்னவாசலுக்குப் போ. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரைக்குக் கீழே நில். குளத்திலிருக்கும் மீன்களை ஒவ்வொன்றாக எண்ணு. எத்தனை என்று எனக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுது.